சனூஸாவின் ஐந்தாவது லவுஞ்ச்

உப்புவெளிக் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், நான்கு அறையும் ஒரு வேப்பமரமுமாக ஒரு கெஸ்ட் ஹவுஸ் இருக்கிறது. அதன் பெயர் ரிஷாத். கட்டி முடித்தபோது, இருக்கிற ஒரே மகனின் பெயரை வைப்பதுதான் முறை என்று சனூஸா நினைத்தாள். அந்த மகன் வளர்ந்து மஞ்செஸ்டருக்குப் போய் ஒரு காப்புறுதிக் கந்தோரில் உட்காருவான் என்றோ, உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் யாரும் கைபேசியில் அவனுக்கு நட்சத்திரம் போடுகிற காலம் வரும் என்றோ அன்றைக்கு யார் கண்டார்கள்?

'ரிஷாத் கொஞ்சம் பழசு, ஆனால் சுத்தம்' என்று ஒரு ஜெர்மன்காரர் எழுதினார். 'மழை பெய்தால் ரிஷாத் ஒழுகும்' என்று ஒரு பிரெஞ்சுத் தம்பதி எச்சரித்தது. 'கொடுக்கிற காசுக்கு இந்த ரிஷாத் போதும்' என்றார் இன்னொருவர். மஞ்செஸ்டரில் அவனோடு வேலை பார்க்கும் ஒருவன் இதையெல்லாம் கண்டுபிடித்துக் கந்தோருக்கே வாசித்துக் காட்டிய நாளிலிருந்து மகனுக்கு நித்திரை சரியில்லை.

ஒழுகல், பழசு எல்லாம் சின்ன வியாதி. பெரிய வியாதி சனூஸாவின் வாய். ஒரு பெண் இப்படி எழுதியிருந்தாள்: 'வீட்டுக்காரி மிக அன்பானவர். ஆனால் காலைச் சாப்பாடு முடிவதற்குள் என் வயது என்ன, சம்பளம் என்ன, ஏன் இன்னும் கல்யாணம் கட்டவில்லை, தனியாக வந்தது அம்மாவுக்குத் தெரியுமா என்றெல்லாம் கேட்டுவிட்டார். முட்டை நன்றாக இருந்தது.'

இதை மகன் தொலைபேசியில் தமிழாக்கிச் சொன்னபோது சனூஸாவுக்கு ஒரே ஓர் இடத்தில்தான் மனம் நொந்தது.

"முட்ட மட்டுமா நல்லா இருந்த? தேங்காச் சம்பலப் பத்தி ஒண்டும் எழுதல்லயா?"

அவளைப் பொறுத்தவரை, கதிரையில் சும்மா உட்கார்ந்திருக்கிற மனிதர் ஒன்றில் பசியோடு இருக்கிறார், அல்லது கவலையோடு இருக்கிறார். எதுவென்று கேட்டால்தானே தெரியும்? கேட்காமல் விடுவது, வாசலுக்கு வந்தவரை வெயிலில் நிறுத்தி வைப்பதற்குச் சமம்.

அவளிடம் இன்னொரு குணமும் இருந்தது. வீடு தேடி வந்து உட்கார்ந்து ஒருவர் ஒன்றைக் கேட்டுவிட்டால், 'ஏலாது' என்ற சொல் அவள் தொண்டையைத் தாண்டி வராது. தண்ணீர் வடிகட்டி விற்க மூன்று பேர் மூன்று வருடங்களில் வந்தார்கள். வீட்டில் மூன்று வடிகட்டிகள் நிற்கின்றன. எல்லோரும் குடிப்பது கிணற்றுத் தண்ணீர்.

இந்தக் குணம் தெரிந்தவர் அவள் கணவர் முனீப். துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். மலைபோன்ற கப்பல்களைச் சத்தமில்லாமல் பக்கத்தில் நின்று தள்ளிப் பழகியவர், மனைவியையும் அப்படித்தான்.

மாசி மாதத்தில் ஒருநாள் ரிஷாத் தொலைபேசியில் முகம் காட்டினான். கொழும்பில் ஒரு ஹோட்டல் கம்பெனி வீட்டைப் பதினைந்து வருடக் குத்தகைக்குக் கேட்கிறதாம். வேப்பமரம் நிற்கிற இடத்தில் நீச்சல் குளம் வருமாம். பெயரையும் மாற்றுவார்களாம். கடைசி வசனத்தைச் சொல்லும்போது அவன் குரலில் ஒரு தேன் வடிந்தது.

"கடல் அம்பது அடியில கிடக்கு. அதுக்குள்ள குளமெதுக்கு?" என்றார் முனீப்.

"வாப்பா, அது உங்களுக்கு விளங்காது. உம்மா, வீடு உங்கட பேரில இரிக்கு. சீசன் முடியிறதுக்குள்ள அவங்கட ஆள் வருவார். ஓம் எண்டா ஓம், ஏலாது எண்டா ஏலாது, நீங்களே முகத்துக்கு நேர சொல்லுங்க. நான் இடையில வரல்ல."

சனூஸா எட்டி முற்றத்தைப் பார்த்தாள். வேப்பமரத்தைக் கொடுக்க அவளுக்கு மனமில்லை. குசினியைக் கொடுக்கவும் மனமில்லை. ஆனால் அந்த மனிதர் வந்து, உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்து, வாயைத் திறந்து கேட்டால் அவள் 'ஓம்' என்றுதான் சொல்வாள். அது அவளுக்கும் தெரியும், முனீப்புக்கும் தெரியும், மூன்று வடிகட்டிகளுக்கும் தெரியும்.

"இன்னொண்டு உம்மா. பேரப்புள்ளயப் பாக்க டிக்கட் போட்டிரிக்கன். ரெண்டு பேருக்கும் லவுஞ்ச் கார்டும் அனுப்புறன். பிளேன் ஏறுறதுக்கு முந்தி அங்க போய் இருங்க, சாப்பாடும் சும்மா தருவாங்க. கெஸ்ட்ட எப்படிக் கவனிக்கிற எண்டு ஒருக்காப் படிச்சிட்டு வாங்க. அங்க ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டாங்க."

"ஒண்டுமே கேக்காமலா சோறு குடுக்கிறாங்க?"

"ஓம்."

"யா அல்லாஹ்," என்றாள் சனூஸா. அனுதாபம் லவுஞ்சில் இருப்பவர்கள் மேலா, மகன் மேலா என்று முனீப்புக்குப் பிடிபடவில்லை.

இலவசமாகச் சாப்பாடு போடுகிற இடத்துக்கு வெறுங்கையோடு போவதாவது! சனூஸா தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் விட்டு, இரண்டு நாள் கை வலிக்கக் கிண்டித் தொதல் செய்தாள். மகன் வீட்டுக்கு ஒரு பெரிய பொட்டலம். வழியில் வருகிற ஒவ்வொரு லவுஞ்சுக்கும் எண்ணெய்த் தாளில் சுற்றிய சின்னப் பொட்டலம். உலகத்தின் விமான நிலையங்களிலெல்லாம் மனிதர்கள் லவுஞ்சுகளை ஒப்பிடுகிறார்கள். கதிரை சாய்கிறதா, குளிக்க இடமிருக்கிறதா, இணையம் ஓடுகிறதா என்று. சனூஸா ஒப்பிட்டது ஒன்றே ஒன்றை: கொண்டுபோன தொதலை என்ன செய்தார்கள்?

கட்டுநாயக்கா விமான நிலைய லவுஞ்சில் வரவேற்பு மேசையில் இருந்த பெண் அட்டையைத் தேய்த்துவிட்டு, பொட்டலத்தைப் பார்த்தாள்.

"மேடம், இது என்னது?"

"தொதல். வீட்ட செஞ்சது. உங்களுக்குத்தான், புள்ள."

அந்தப் பெண்ணுக்கு அரைத் தமிழ்தான் தெரிந்தது. தொதல் முழுவதாகத் தெரிந்தது. வாங்கக்கூடாது என்று கையை ஆட்டினாள். ஆட்டிய கை அப்படியே இறங்கி இலாச்சியைத் திறந்தது. உள்ளே போய் உட்கார்ந்த சனூஸா திரும்பிப் பார்த்தபோது, மேசைக்குக் கீழே ஒரு கையும் மேசைக்கு மேலே ஒரு தாடையும் வேலை செய்துகொண்டிருந்தன.

"நல்ல இடம்," என்று தீர்ப்புச் சொன்னாள்.

முனீப்பின் அளவுகோல் வேறு. அவர் எங்கே போனாலும் பால் சேராத பிளேன்டீதான் குடித்துப் பார்ப்பார். "சாயம் சரி. இஞ்சி இல்ல," என்றார். அவர் அகராதியில் அது பெரிய பாராட்டு.

டோஹா லவுஞ்ச் கிண்ணியாச் சந்தை அளவுக்கு விரிந்து கிடந்தது. அமைதியில் மட்டும் மையத்து அடக்குகிற மையவாடி. ஒவ்வொரு கதிரையும் ஒரு சின்ன அறை. அதற்குள் ஒவ்வொருவர், காதில் எதையோ செருகிக்கொண்டு, கைபேசிக்குள் குனிந்தபடி. சாப்பாடு எல்லாம் ஹலால் என்று தெரிந்ததும் முனீப் சோற்றுக் கோப்பையோடு புறப்பட்டுவிட்டார். சனூஸா பக்கத்துக் கதிரைக்காரரைப் பார்த்தாள். இளைஞன், மெலிவு, கண்ணுக்குக் கீழே கறுப்பு. ஒன்றில் பசி, அல்லது கவலை.

கெஸ்ட் ஹவுஸ் ஆங்கிலத்தில் கேட்டாள். எங்கே போறீங்கள், தனியாகவா?

அவன் ஒரு காதை மட்டும் திறந்து, "டொரொன்டோ," என்றான். திரும்ப மூடிக்கொண்டான்.

சோற்றுமலையோடு வந்த முனீப்பிடம் சனூஸா முறையிட்டாள். "பாத்தீங்களா மச்சான், ஒரு ஊர்ப்பேரச் சொல்லிக் கதவச் சாத்திட்டான்."

"அவன் சாத்தட்டும். நீ இந்த இறைச்சியத் தின்னு பாரு."

அப்போதுதான் சாப்பிட்ட கோப்பைகளை எடுக்க வந்த ஊழியர் சிரித்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், சட்டையில் பெயர்ப்பட்டி. "மாமி, நீங்க திருகோணமலப் பக்கமா?"

அவர் பெயர் ஸப்வான், மூதூர். பிறகென்ன, பிள்ளை எத்தனை, மனைவி யார் மகள், வீடு எந்தப் பள்ளிவாசல் பக்கம் என்று சனூஸா ஒரு மூச்சில் கேட்டு முடித்தாள். கொண்டு வந்த பொட்டலத்தையும் கையில் வைத்தாள். ஸப்வான் அதை நெஞ்சுச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"மாமி, இங்க எங்களுக்குப் பழக்கினதே வேற மாதிரி. கெஸ்ட்ட நாங்களாக் கேக்கப்படாது. அவங்க தலையத் தூக்கினாத்தான் போறது. போய், தேவையானத வெச்சிட்டு, சிரிச்சிட்டு, அவங்க வாயத் திறக்கிறதுக்குள்ள காணாமப் போயிரணும்."

"தலையத் தூக்கல்ல எண்டா?"

"ஒருத்தர் ஏழு மணித்தியாலம் தூக்கல்ல, மாமி."

"செத்திட்டாரோ எண்டு பாக்கல்லயா?"

"மூச்சு ஓடின," என்றார் ஸப்வான். சொல்லிவிட்டு, அப்படியே காணாமலும் போனார். எந்தப் பக்கம் போனார் என்றுகூடத் தெரியவில்லை. சனூஸாவுக்கு அந்த வித்தை பிடித்துவிட்டது.

மஞ்செஸ்டரில் ஐந்து கிழமை. பேரனுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாள். பிள்ளை பெற்ற உடம்பு தேற மருமகள் பஸ்னாவுக்குச் சரக்குக் கறி ஆக்கிக் கொடுத்தாள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவரிடம் அவருடைய மூன்று விவாகரத்துகளையும் வரிசையாகக் கேட்டறிந்தாள். பத்து வருடம் பக்கத்தில் இருந்தும் ரிஷாத்துக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. அதை அவன் பெருமையாகத்தான் சொன்னான்.

திரும்பி வரும்போது, அந்த ஊர் விமான நிலைய லவுஞ்சில் மேசையிலிருந்த அம்மா, வெளிச் சாப்பாட்டை வாங்க அனுமதியில்லை என்று மிக அழகாகச் சொல்லிப் பொட்டலத்தை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கொடுத்ததை வாங்காத வீட்டில் சனூஸாவுக்குச் சோறு இறங்காது. ஒரு வாழைப்பழத்தோடு எழுந்துவிட்டாள். முனீப் பிளேன்டீக்குப் பால் ஊற்றித் தந்துவிட்டார்கள் என்று தனியாகக் கவலைப்பட்டார்.

இஸ்தான்புல்லில் ஒரு மீசைக்காரர் எல்லோரும் பார்க்க மாவை வீசி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். சனூஸா பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள். அவர் அனுமதி, சட்டம் எதையும் கேட்கவில்லை. ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடினார். பிறகு குனிந்து தன்னுடைய சொந்த டப்பா ஒன்றை எடுத்து, மாத்தூள் தூவிய ஒரு மிட்டாயை அவள் கையில் வைத்தார். ஒரு சொல்லும் பேசவில்லை, பேசியிருந்தாலும் விளங்கியிராது. கொடுத்ததை வாங்கி, வாங்கியதற்குக் கொடுத்த ஒரே லவுஞ்ச் அதுதான். முதலாமிடம் அந்த நிமிடத்திலேயே முடிவாகிவிட்டது.

"தேத்தண்ணியும் இங்கதான் நல்லம்," என்று முனீப் ஒப்புக்கொண்டார். சின்னக் கண்ணாடிக் குவளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஆனா இது குடிக்கிறதுக்கா, கண்ணுக்கு விடுறதுக்கா?"

ஊருக்கு வந்ததும் பக்கத்து வீட்டுக் கமலாதேவி வேலியருகில் வந்தாள். "இங்கிலாந்து எப்பிடியக்கா?"

"குளிர்," என்றாள் சனூஸா. "ஆனா டோஹாவில சோறு நல்லம், இஸ்தான்புல்லில மனுசர் நல்லம்." இங்கிலாந்து அத்தோடு முடிந்தது.

அடுத்த நாளே வேலை தொடங்கியது. வீட்டிலிருந்த கதிரைகளில் மிகச் சிறந்ததை, கை வைத்த பெரிய பிரம்புக் கதிரையை, வேப்பமரத்தின் கீழ் கடலைப் பார்த்துப் போட்டாள். பக்கத்தில் ஒரு குட்டி மேசை. வலைமூடிக்குக் கீழே தொதல். அதுதான் லவுஞ்ச். அதில் உட்காருகிறவரை ஒருவரும் ஒன்றும் கேட்கக்கூடாது. தலை தூக்கினால் தேத்தண்ணி போகும், அவ்வளவுதான். கேள்வி வேண்டுமானவர்கள் குசினி வாசலில் கிடக்கும் பழைய பிளாஸ்டிக் கதிரைக்கு வரலாம். இந்த ஏற்பாட்டை ரிஷாத் இணையத்திலும் எழுதிப் போட்டான். 'அமைதிக் கதிரை' என்று அவன் பெயர் வைத்தான். சனூஸா 'டோஹா' என்றுதான் சொன்னாள்.

சீசன் தொடங்கியது. வந்தவர்களெல்லாம் நேரே டோஹாவில் போய் விழுந்தார்கள். சனூஸா குசினி ஜன்னலில் நின்று தன் நாக்கைத் தானே கடித்துக்கொண்டாள்.

"தலையத் தூக்கிட்டான் புள்ள, ஓடு ஓடு!" என்று முனீப் பின்னாலிருந்து விரட்டுவார்.

"அது கொட்டாவி."

"கொட்டாவிக்கும் தல வேணும்தானே."

அவள் ஓடுவாள், தேத்தண்ணியை வைப்பாள், சிரிப்பாள், காணாமற் போவாள். கனத்த உடம்பானாலும் வேப்பமரத்துக்கும் கிணற்றடிக்கும் இடையில் மறைந்துவிடுகிற நேக்கு அவளுக்குச் சீக்கிரம் கைவந்துவிட்டது. நட்சத்திரங்கள் ஏறின. 'அமைதியான ரிஷாத்', 'தொந்தரவில்லாத ரிஷாத்' என்று எழுதினார்கள். மஞ்செஸ்டரில் ரிஷாத் உண்மையிலேயே தொந்தரவில்லாமல் தூங்கினான். ஆனால் கம்பெனிக்காரர் வருகிற நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. நட்சத்திரம் ஏற ஏற வீட்டின் மேல் அவர்களுக்கு ஆசையும் ஏறியது.

ஆனி மாதக் கடைசியில் இன்கிரிட் என்று ஒல்லாந்து ஆசிரியை ஒருத்தி வந்தாள். முதல் நாளே டோஹாவில் உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது. சனூஸா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

"மச்சான், அந்தப் புள்ள அழுதிரிக்கு."

"உன்ட சட்டம். நீயே போட்ட."

மறுநாளும் இன்கிரிட் அங்கேதான். தலையைத் தூக்கினாள். சனூஸா தேத்தண்ணியும், சட்டத்துக்கு வெளியே ஒரு தொதல் துண்டு கூடவும் வைத்தாள். சிரித்தாள், மறைந்தாள். மூன்றாம் நாள் அந்தப் பெண் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

அன்றிரவு தொலைபேசியில் ரிஷாத்தின் குரல் இறங்கியிருந்தது. "உம்மா, மூணு நட்சத்திரம்தான்."

"என்னவாம்?"

அவன் வாசித்தான். 'அழகான இடம். வீட்டுக்காரி எல்லாவற்றையும் கேட்பார் என்று பழைய குறிப்புகளில் படித்துவிட்டுத்தான் இங்கே வந்தேன். இந்த வருடம் என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. மூன்று நாள் நல்ல கதிரையில் உட்கார்ந்து காத்திருந்தேன்.'

சனூஸா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அதுக்குக் கீழ பதில் எழுதலாம்தானே? எழுது."

"உம்மா, என்ட பேரில வரும்."

"வரட்டும். எழுது: ஏன் அழுத நீங்க?"

"உம்மா!"

"எழுது மகன். ஏன் அழுத? வயசென்ன? கல்யாணம் கட்டியா? கட்டல்ல எண்டா ஏன்? இங்க வந்த உங்கட உம்மாக்குத் தெரியுமா? இப்ப எங்க நிக்கிறீங்க, ராவைக்குச் சாப்பிட்டீங்களா?"

மஞ்செஸ்டரில் ஒரு காப்புறுதி அதிகாரி, உலகமே பார்க்கிற இடத்தில், தன் பெயரின் கீழ், முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் இத்தனையையும் ஆங்கிலத்தில் தட்டினார். காலையில் பதில் வந்திருந்தது. அம்மா மாசி மாதம் காலமாகிவிட்டதில் தொடங்கி, ராத்திரி எல்ல என்ற மலையூரில் கொத்து ரொட்டி சாப்பிட்டது வரை, ஒரு கேள்வியும் விடாமல். திரும்பி வரும்போது இரண்டு நாள் நிற்கலாமா, குசினிக் கதிரை கிடைக்குமா என்றும் கேட்டிருந்தாள். ரிஷாத் அதை வாசித்துக் காட்டிவிட்டு, "உம்மா, பக்கத்து வீட்டுக் கிழவர்ட பேர் என்ன சொன்னீங்க?" என்றான். அவள் சொன்னாள்.

அந்தக் கிழமையே கம்பெனிக்காரர் வந்தார். குளிரூட்டிய வாகனம், சாரதி, தோல் பை, நல்ல வாசம். சனூஸா தேத்தண்ணிக்கு அடுப்பில் தண்ணீர் வைத்தாள். இவர் உட்காருவார். கேட்பார். 'ஓம்' வந்துவிடும்.

அவர் முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். குசினி வாசலில் பழைய பிளாஸ்டிக் கதிரை. வேப்பமரத்தின் கீழ் பிரம்புக் கதிரை, எதிரே நீலக் கடல். பழக்கப்பட்ட மனிதர், நல்ல கதிரை எதுவென்று யாரும் சொல்லத் தேவையில்லை. போய் டோஹாவில் சாய்ந்தார்.

சனூஸா முனீப்பைப் பார்த்தாள். முனீப் வானத்தைப் பார்த்தார். "சட்டம் சட்டம்தான்," என்றார் வானத்திடம்.

கம்பெனிக்காரர் லவுஞ்சுகளிலேயே பாதி வாழ்நாளைக் கழித்தவர். பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை எழும்பாத பழக்கம் அவருக்கு ஊறியிருந்தது. கொஞ்ச நேரத்தில் தலையைத் தூக்கினார். தேத்தண்ணி வந்தது. "மேடம், நான் வந்தது..." என்று அவர் நிமிர்வதற்குள் எதிரே வெறும் கிணற்றடிதான் இருந்தது. மறுபடி தூக்கினார். தொதல் வந்தது, சிரிப்பு வந்தது, ஆளைக் காணவில்லை. தொதலில் அவர் வாய் சற்று நேரம் ஒட்டிக்கொண்டது. வேம்புக் காற்று வீசியது. கைபேசி மடியில் சரிந்தது. சாரதி வந்து தட்டி, நிலாவெளியில் அடுத்த இடத்தில் காத்திருக்கிறார்கள் என்று எழுப்பும்போது கன்னத்தில் பிரம்பின் கோடு பதிந்திருந்தது.

வாகனம் ஏறும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தார். என்னவோ மறந்துவிட்ட முகம். சனூஸா குசினிக்குள்ளிருந்து கையை ஆட்டினாள். வெறுங்கையோடு அனுப்பக்கூடாதென்று சாரதியிடம் ஏற்கெனவே ஒரு பொட்டலம் கொடுத்திருந்தாள்.

பின்னேரம் ரிஷாத் அழைத்தான். "உம்மா, அந்த ஆள் அஞ்சு நட்சத்திரம் போட்டிரிக்காரே! ரொம்ப அமைதியாம். என்ன கதச்ச நீங்க?"

"அவர் ஒண்டும் கேக்கல்ல. நானும் ஒண்டும் சொல்லல்ல."

"அப்ப குத்தக?"

"திரும்ப வந்தா வரட்டும். கதிர அங்கதான் கிடக்கு."

ரிஷாத் சிரித்தான், குத்தகையைப் பற்றி அதற்குமேல் கேட்கவில்லை. முனீப் இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீயோடு வந்து, இந்த முறை அவரே டோஹாவில் சாய்ந்து, கடலைப் பார்த்துக் கண்ணை மூடினார். சனூஸா பிளாஸ்டிக் கதிரையை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"மச்சான், என்ன யோசிக்கிறீங்க?"

"இதில இருந்தா ஒண்டும் கேக்கப்படாது."

"நீங்க தலையத் தூக்கினீங்க."

"தூக்கல்ல."

"தூக்கினீங்க, நான் கண்ட," என்றாள் சனூஸா.